சரிந்துபோன எக்ஸ் ஃபைல்ஸை மறுபடி பார்க்க ஒரு வழி

எக்ஸ் ஃபைல்ஸை மறுபடி பார்க்கிறேன் என்று கிளம்பிய என் நண்பர்களில் பலர் ஆறாவது சீசனுக்கும் எட்டாவது சீசனுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுபோனார்கள். கேட்டால், "முதலில் எவ்வளவு நன்றாக இருந்தது, அப்புறம் என்னவோ ஆகிவிட்டது" என்பார்கள். முதல் எபிசோடில் தொடங்கி வரிசையாகக் கடைசிவரை போவது என்ற திட்டம்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. விளக்கமில்லாத வழக்குகளைத் துப்பறியும் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் கதை இந்த அமெரிக்கத் தொடர்: ஏலியன்களை நம்புகிற மல்டராக டேவிட் டுகோவ்னி, எதையும் சந்தேகிக்கிற மருத்துவர் ஸ்கல்லியாக ஜில்லியன் ஆண்டர்சன். 1993 செப்டம்பர் 10 அன்று தொடங்கிய தொடர் 2002 மே மாதம்வரை ஓடியது. ஒன்பது சீசன், 202 எபிசோட். 2016இலும் 2018இலும் திரும்பி வந்ததையும் சேர்த்தால் 218. போதாததற்கு 1998இல் ஒரு திரைப்படம், 2008இல் இன்னொன்று. எபிசோடுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலே 160 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதில் சரிவின் காலமும் சின்னது அல்ல. வரிசையாகப் பார்ப்பவருக்கு முதல் ஐந்து சீசன்மேல் இருந்த பிரியம்கூட அந்தப் பிற்பகுதியில் கரைந்துவிடும்.

என் கருத்து இதுதான்: முழுத் தொடரும் கெட்டுப்போகவில்லை. ஓர் இழை மட்டும் சிக்கலாகி, இழுக்க இழுக்க முடிச்சாகிவிட்டது. அது ஏலியன் சதிக்கதை. மற்ற இழைகள் கடைசிவரை ஆங்காங்கே உறுதியாகத்தான் இருக்கின்றன. ஆகவே சீசன் கணக்கை விட்டுவிட்டு, எந்த இழையைப் பிடித்துக்கொண்டு போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கேபிளில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்த தொடர் இது. டேனா ஸ்கல்லி கையுறையை மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, உடற்கூறு பார்த்ததைப் பதற்றமில்லாமல் பேசிப் பதிவு செய்யும் காட்சிகள் எனக்கு எந்த ஏலியனையும்விடப் பெரிதாக இருந்தன. இந்த வேலைக்கு நான் வந்ததில் அவளுக்குப் பங்கு உண்டு. அதனால் இந்த வழிகாட்டி நடுநிலையானது அல்ல.

ஏன் சரிந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

காரணம் தெரிந்தால் பிற்பகுதியைப் பார்க்கும்போது வரும் கோபம் பாதியாகக் குறையும். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர், ஐந்து ஆண்டு தொலைக்காட்சி, அதன் பிறகு திரைப்படங்கள் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஐந்தாவது சீசனில்தான் தொடருக்கு மிக அதிகப் பார்வையாளர்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில் எந்தத் தொலைக்காட்சி நிறுவனம் நிறுத்தும்? கதை ஒன்று முடிய வேண்டிய இடத்தில், வியாபாரம் முடியவில்லை. முதல் திரைப்படத்தை 1997 கோடையில் படமாக்கிவிட்டார்கள். அது வெளிவந்தது 1998 ஜூனில். நடுவில் ஒளிபரப்பான ஐந்தாவது சீசன், ஏற்கெனவே எடுத்து முடித்த படத்தின் கதையை இடித்துவிடாமல் ஓரமாக நடந்து போக வேண்டியிருந்தது. சதிக்கதை முதல்முறை தள்ளாடுவது அங்கேதான்.

இரண்டாவது காரணம் இடம். முதல் ஐந்து சீசனும் கனடாவில் வான்கூவரில் எடுக்கப்பட்டவை. ஈரமான காடு, மழைமேகம், பகலிலேயே இருட்டிக்கொண்டு நிற்கும் வானம், அதற்குள் அலையும் இரண்டு டார்ச் வெளிச்சம் எல்லாம் அந்த ஊர் கொடுத்தவை. ஆறாவது சீசனிலிருந்து படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியது; குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று டேவிட் டுகோவ்னி கேட்டுக்கொண்டார். ஆறாவது சீசனைப் போட்ட உடனே வெயில் கண்ணில் அடிக்கும். பயமுறுத்தும் கதைகள் குறைந்து வேடிக்கைக் கதைகள் கூடியதற்கு அந்த வெயிலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, டுகோவ்னி மெல்ல விலகியது. தொடரின் மறுவிற்பனை லாபத்தில் தனக்குச் சேர வேண்டிய பங்கு குறித்து 1999இல் அவர் ஃபாக்ஸ் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். எட்டாவது சீசனில் பாதி எபிசோடுகளில்தான் வருகிறார். ஒன்பதாவதில் கடைசிக் கதையில் வந்தால்தான் உண்டு. இரண்டு பேரின் வாக்குவாதத்தை அச்சாகக் கொண்ட ஒரு தொடரில் ஒருவர் போய்விட்டால், கதை எழுதுபவர்கள் அவரைத் தேடுவதையே கதையாக்க வேண்டியதுதான்.

பார்க்க உட்காரும் முன்

தொலைக்காட்சியில் அசைவை மெருகேற்றும் வசதி ஒன்று இருக்கும். 'மோஷன்' என்ற பெயரில் படத்துக்கான அமைப்புகளுக்குள் கிடக்கும். அதை அணைத்துவிடுங்கள். ஃபிலிமில் எடுத்த இந்தத் தொடரை அது மெகா சீரியல் மாதிரி ஆக்கிவிடும். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தானாக மங்கும் வசதியையும் அணையுங்கள். முதல் மூன்று சீசனின் ஒளிப்பதிவாளர் ஜான் பார்ட்லி இருட்டை அளந்து வைத்தவர். 'க்ரோட்டெஸ்க்' எபிசோடுக்காக 1996இல் எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது வாங்கினார். அந்த இருட்டில் என்ன இருக்கிறது என்று தெரியத் திரைக்கு முழு வெளிச்சமும் அறைக்கு முழு இருட்டும் வேண்டும்.

இப்போது பரவலாகக் கிடைப்பது 2015இல் ப்ளூரேவுக்காகப் புதுப்பித்த அகலத்திரை வடிவம். படம் துல்லியம், குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நான்கு சீசனும் பழைய சதுரமான திரைக்கென்று அமைக்கப்பட்டவை. முகத்தை நெருக்கிப் பிடித்து மூச்சு முட்டவைக்கும் காட்சிகள் அகலத்தில் கொஞ்சம் தளர்ந்துவிடுகின்றன. பழைய டிவிடி பெட்டி யாரிடமாவது இருந்தால் 'ஐஸ்', 'ஸ்க்வீஸ்' இரண்டையும் அதில் பாருங்கள்.

இன்னொன்று, தொடக்க இசையைத் தாண்டும் பொத்தானை அழுத்த வேண்டாம். மார்க் ஸ்நோவின் அந்த விசில் இசைக்காக மட்டும் சொல்லவில்லை. 'உண்மை வெளியே இருக்கிறது' என்று முடியும் அந்தத் தொடக்கத்தில், சில எபிசோடுகளில் மட்டும் வாசகம் மாறும். முதல் சீசனின் கடைசி எபிசோடில் 'எவரையும் நம்பாதே'. ஸ்கல்லியைத் தூக்கிப்போகும் 'அசென்ஷன்' எபிசோடில் 'எல்லாவற்றையும் மறுத்துவிடு'. 'கெத்செமனே'யில் 'பொய்யை நம்பு'. தாண்டிப் போனால் இது கண்ணில் படவே படாது.

வேகத்தைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் பார்ப்பதற்காக எழுதப்பட்ட தொடர் அல்ல இது. வாரத்துக்கு ஒன்று, நடுவில் ஏழு நாள் மறதி என்ற கணக்கில் எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரம் சுவர் இடுக்கில் நுழைந்துவரும் மனிதனைக் கண்ணால் பார்த்த ஸ்கல்லி, அடுத்த வாரம் "அறிவியலில் இதற்கு விளக்கம் இருக்கும், மல்டர்" என்பாள். இடைவெளி விட்டுப் பார்த்தால் அது அவளுடைய குணம். ஒரே இரவில் ஐந்து பார்த்தால் அவளுக்கு ஞாபகசக்தி இல்லாத மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இரண்டு பாகமாக வரும் கதைகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

சதிக்கதை இழை: எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது

ரசிகர்கள் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்தே இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். ஏலியன்களும் அரசாங்கச் சதியும் வரும் தொடர்கதைக்கு 'மித்ஆர்க்' என்று பெயர். வாரம் ஒரு பூதம் வரும் தனிக்கதைகளுக்கு 'மான்ஸ்டர் ஆஃப் த வீக்'. மித்ஆர்க் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதை மட்டும் தனியே எடுத்து, தனிக்கதைகளைக் கலக்காமல் பார்த்தால் ஒரு நீளமான நாவல் படித்த நிறைவு கிடைக்கும், சரியான இடத்தில் நிறுத்தினால்.

பாதை இது. முதல் எபிசோட், 'டீப் த்ரோட்', 'ஈ.பி.ஈ.', 'எர்லன்மேயர் ஃப்ளாஸ்க்' நான்கும் முதல் சீசன். இரண்டாவதில் 'லிட்டில் க்ரீன் மென்', 'டுவேன் பாரி', 'அசென்ஷன்', 'ஒன் ப்ரெத்', 'காலனி', 'எண்ட் கேம்', 'அனசாஸி'. மூன்றாவதில் 'த ப்ளெஸ்ஸிங் வே', 'பேப்பர் க்ளிப்', 'நிசெய்', '731', கறுப்பு எண்ணெய் வரும் 'பைப்பர் மாரு', 'அபாக்ரிஃபா', கடைசியில் 'தலிதா கூமி'. நான்காவதில் 'ஹெர்ரென்வோல்க்', 'துங்குஸ்கா', 'டெர்மா', 'மெமன்ட்டோ மோரி', 'கெத்செமனே'. ஐந்தாவதில் 'ரிடக்ஸ்' இரண்டு பாகம், 'பேஷன்ட் எக்ஸ்', 'த ரெட் அண்ட் த ப்ளாக்', 'தி எண்ட்'. பிறகு 1998 திரைப்படம். ஆறாவதில் 'த பிகினிங்', 'டூ ஃபாதர்ஸ்', 'ஒன் சன்'.

அங்கே நிறுத்துங்கள். 1999 பிப்ரவரியில் வந்த 'ஒன் சன்' எபிசோடில், ஐம்பது ஆண்டு சதி செய்த சிண்டிகேட் கூட்டம் ஒரே இரவில் எரிந்து முடிகிறது. சதிக்காரர்கள் போய்விட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலும் வந்துவிட்டது. இதற்குப் பிறகு வரும் சூப்பர் சோல்ஜர் கதைகள் எல்லாம் எரிந்த வீட்டில் குடித்தனம் நடத்தப் பார்ப்பவை. மல்டரின் தங்கை சமந்தாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் நிறுத்த மனம் வராதவர்கள், ஏழாவது சீசனில் 'சைன் உண்ட் ட்ஸைட்', 'க்ளோஷர்' இரண்டை மட்டும் பின்னுரையாகப் பார்க்கலாம். ஏழு ஆண்டு ஏலியன் என்று தேடிவிட்டு, கடைசியில் நட்சத்திர வெளிச்சம் என்று முடித்தது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும். மோபியின் இசை ஓட, மல்டர் அந்தக் குழந்தையைக் கட்டிக்கொள்ளும்போது டுகோவ்னியின் முகத்தில் வரும் நிம்மதிக்கு ஏழு ஆண்டு காத்திருந்தது சரிதான் என்று எனக்குத் தோன்றும்.

மித்ஆர்க் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'கண்டது', இன்னொரு பக்கம் 'சொன்னது' என்று எழுதுங்கள். இந்தத் தொடரில் ரகசியம் சொல்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். 'கெத்செமனே'யில் வரும் க்ரிட்ஷ்காவ், ஏலியன் என்பதே ராணுவம் கட்டிவிட்ட கதை என்று அடித்துச் சொல்கிறான். அதை உண்மை என்று எடுத்துக்கொண்டால் முன்னால் வந்ததெல்லாம் இடிக்கும். 'சொன்னது' பக்கத்தில் எழுதி வைத்தால் ஒன்றும் இடிக்காது. பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் மாதிரியோடு வரும் சீட்டையும் மாதிரியையும் தனித்தனியே சரிபார்ப்போம். அந்தப் பழக்கம்தான் இது. முரண்பாடு என்று திட்டப்படும் விஷயங்களில் நிறைய, உண்மையில் ஒரு பாத்திரம் இன்னொருவருக்குச் சொன்ன பொய்தான்.

'எர்லன்மேயர் ஃப்ளாஸ்க்' பற்றி இரண்டு வரி. நம் பள்ளி ஆய்வகத்தில் இருந்த அதே கூம்புக் குடுவைதான் தலைப்பு. பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் பூமியில் இல்லாத கூடுதல் நியூக்ளியோடைடுகள் இருப்பதாக ஓர் ஆய்வாளர் ஸ்கல்லியிடம் காட்டும் இடத்தில், அவள் குரல் தாழ்ந்துவிடும். தான் நம்பும் முறையே தன்னை நம்ப முடியாத ஒன்றின்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்று அவளுக்குப் புரிகிறது. ஆன் சைமன் என்ற வைரஸ் ஆய்வாளர் இந்தத் தொடருக்கு அறிவியல் ஆலோசனை சொல்லியிருக்கிறார். ஆய்வகக் காட்சிகளில் அந்த அக்கறை தெரியும்.

தனிக்கதைகள்: சீசனைப் பார்க்காதீர்கள், எழுதியவர் பெயரைப் பாருங்கள்

சரிவைத் தாண்டிப் போக எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இது. எபிசோடின் முதல் காட்சியும் தொடக்க இசையும் முடிந்த பிறகு, திரையின் அடியில் எழுதியவர் பெயர் வரும். அதைப் பார்த்தே எபிசோடைத் தேர்ந்தெடுக்கலாம்.

க்ளென் மார்கன், ஜேம்ஸ் வாங் இருவரும் சேர்ந்து எழுதியவை முதல் சீசனின் முதுகெலும்பு. 'ஸ்க்வீஸ்', 'டூம்ஸ்', 'ஐஸ்', 'பியாண்ட் த ஸீ' எல்லாம் அவர்களுடையவை. இரண்டாவது சீசன் நடுவில் வேறு தொடர் எடுக்கப் போய், நான்காவதில் திரும்பி வந்து 'ஹோம்' எழுதினார்கள். எச்சரிக்கைக் குறிப்போடு ஒளிபரப்பான எபிசோட் அது. வீட்டில் சின்னவர்கள் இருந்தால் தள்ளிவைத்துவிடுங்கள். நான் அக்கா மகளுக்கு அதைக் காட்டவில்லை.

க்ளெனின் தம்பி டேரின் மார்கன். முதல் ஓட்டத்தில் அவர் பெயரில் நான்கே நான்கு திரைக்கதைகள்: 'ஹம்பக்', 'க்ளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரிபோஸ்', 'வார் ஆஃப் த காப்ரஃபேஜஸ்', 'ஹோசே சங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. எழுதுவதற்கு முன்னால் 'த ஹோஸ்ட்' எபிசோடில் சாக்கடையில் வாழும் புழுமனிதன் உடைக்குள் இருந்ததும் அவர்தான். மற்றவர்களின் சாவு எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் ஓர் ஆயுள் காப்பீட்டு முகவரின் கதைதான் க்ளைட் ப்ரக்மன். அதற்காக டேரின் மார்கனுக்கும் நடித்த பீட்டர் பாயிலுக்கும் 1996இல் எம்மி கிடைத்தது. சிரித்துக்கொண்டே பார்ப்போம், கடைசி ஐந்து நிமிடத்தில் பேச்சு வராது. தொடர் மொத்தத்தில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் வின்ஸ் கில்லிகன். சரிவு காலத்துக்கான கைவிளக்கு இவர் பெயர்தான். 'புஷர்', 'பேப்பர் ஹார்ட்ஸ்', 'ஸ்மால் பொட்டேட்டோஸ்', 'பேட் ப்ளட்' எல்லாம் நல்ல காலத்தவை. ஆறாவதில் 'ட்ரைவ்': நிற்காமல் மேற்கு நோக்கிக் கார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தலை வெடித்துவிடும் என்று துடிக்கும் ஒருவனாக ப்ரையன் க்ரான்ஸ்டன். பல ஆண்டு கழித்துக் கில்லிகன் 'ப்ரேக்கிங் பேட்' எடுத்தபோது க்ரான்ஸ்டன்தான் வேண்டும் என்று நின்றது இந்த எபிசோடை நினைவில் வைத்துத்தான். ஏழாவதில் 'எக்ஸ்-காப்ஸ்', 'ஜ சூஹேத்'. எட்டாவதில் 'ரோட்ரன்னர்ஸ்'. எல்லோரும் கைவிட்ட ஒன்பதாவது சீசனில்கூட 'ஜான் டோ' என்று ஒன்று எழுதியிருக்கிறார். எட்டாவது சீசனில் மல்டரின் இடத்துக்கு வந்த டாகெட், நினைவிழந்து மெக்ஸிகோவில் அலையும் கதை. இயக்கிய மிஷெல் மெக்லாரனுக்கு அதுதான் முதல் இயக்கம்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. 'ஸ்பேஸ்', 'டெசோ டோஸ் பிச்சோஸ்', 'ஃபைட் க்ளப்' மூன்றும் நேரத்துக்குக் கேடு. 2001இல் வந்த 'பத்லா' மும்பை விமான நிலையத்தில் தொடங்குகிறது; கால்களில்லாத ஒரு பிச்சைக்காரர் மற்றவர் உடம்புக்குள் புகுந்து பயணம் செய்கிறார். இந்தியர் என்றால் மந்திரம், வறுமை, பழிவாங்கல் என்பதைத் தாண்டி ஒன்றும் யோசிக்காமல் எழுதியது. அதைப் பார்த்து வந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

ஸ்கல்லியின் இழை

இதற்காகத்தான் இந்த வழிகாட்டியையே எழுதினேன். சதியையும் பூதங்களையும் விட்டுவிட்டு ஸ்கல்லி ஒருத்தியின் வாழ்க்கையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 'பியாண்ட் த ஸீ'யில் அப்பா இறக்கிறார். அன்றைக்கு ஒருநாள் அவள் நம்புகிறவளாகவும் மல்டர் சந்தேகிக்கிறவனாகவும் இடம் மாறுகிறார்கள். இரண்டாவது சீசனில் ஜில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்தார். அவருக்கு ஓய்வு தர ஸ்கல்லியை ஏலியன்களோ ராணுவமோ கடத்திப்போவதாகக் கதை மாறியது. ஒரு நடிகையின் பிரசவத்துக்காகச் செய்த ஏற்பாடு, தொடரின் நடுக்கதையாகவே ஆகிவிட்டது. கழுத்தில் பதித்த சில்லு, அதை எடுத்ததால் வரும் புற்றுநோய், அவளிடமிருந்து எடுக்கப்பட்ட கருமுட்டைகள், அவளுக்கே தெரியாமல் பிறந்த எமிலி என்ற குழந்தை. 'ஒன் ப்ரெத்', 'மெமன்ட்டோ மோரி', 'ரிடக்ஸ்' இரண்டாம் பாகம், 'கிறிஸ்மஸ் கேரல்', 'எமிலி' என்று வரிசையாகப் பார்த்தால் தனி ஒரு தொடராகவே நிற்கும். 1997இல் ஆண்டர்சன் எம்மி வாங்கியது சும்மா இல்லை.

ஏழாவது சீசனில் 'ஆல் திங்ஸ்' ஆண்டர்சனே எழுதி இயக்கியது. மெதுவாகப் போகிறது என்று நிறையப் பேர் குறை சொல்வார்கள். ஸ்கல்லி தன் பழைய வாழ்க்கையை நின்று திரும்பிப் பார்க்கும் ஒரே எபிசோட் அதுதான். அவளைப் புரிந்துகொண்ட ஒருவர் எழுதியது. அதன் பிறகு எட்டாவது சீசனின் கடைசி எபிசோடான 'எக்ஸிஸ்டன்ஸ்' பார்த்து நிறுத்திவிடுங்கள். குழந்தை பிறந்திருக்கிறது, மல்டர் கூடவே இருக்கிறான். அந்த முடிவு அவளுக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

ஏனென்றால் அதன் பிறகு அவளுக்குச் செய்ததுதான் இந்தத் தொடரின் உண்மையான சரிவு. ஒன்பதாவது சீசனில் அந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்க வைத்தார்கள். பதினாறு ஆண்டு கழித்து, 2018இல் கார்ட்டரே எழுதி இயக்கிய 'மை ஸ்ட்ரகிள்' மூன்றாம் பாகத்தில், சதிக்காரர்களில் ஒருவனான சிகரெட் மனிதன் வந்து அந்தக் குழந்தை தன்னால் உருவானது, ஸ்கல்லிக்கே தெரியாமல் மருத்துவமாகச் செய்தது என்கிறான். ஒரு பெண்ணின் உடம்பில் அவள் சம்மதமில்லாமல் நடந்த கொடுமையை ஒரு திருப்பத்துக்காகப் போட்டுவிட்டு, அவளுக்கு அதைப் பற்றிப் பேசக்கூட இடம் வைக்கவில்லை. சதிக்கதை சிக்கலானதை மன்னிக்கலாம், இதை என்னால் முடியாது. ஆரம்ப ஆண்டுகளில் டுகோவ்னியைவிடக் குறைந்த சம்பளம் வாங்கிய ஆண்டர்சன், திரும்ப அழைத்தபோதும் முதலில் பாதித் தொகையைத்தான் பேசினார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் அத்தனைக்கும் பிறகு அந்த வேடத்துக்குக் கொடுத்த உழைப்பைக் கடைசிக் கதைகள் மதிக்கவில்லை.

எட்டு முதல் பதினொன்றுவரை: எதை எடுப்பது

எட்டாவது சீசனை எக்ஸ் ஃபைல்ஸ் என்று நினைக்காமல், ஜான் டாகெட் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி ஒரு விசித்திரமான பிரிவுக்கு மாற்றலாகி வந்த புதிய தொடர் என்று நினைத்துப் பாருங்கள். டாகெட்டாக வரும் ராபர்ட் பாட்ரிக் மல்டரைப்போல் நடிக்க முயலவே இல்லை. அதுதான் அவரைக் காப்பாற்றுகிறது. நம்பாதவளாக இருந்த ஸ்கல்லி இப்போது நம்புகிறவர் இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, தயங்கித் தயங்கி நிற்கிறாள். இருட்டும் திரும்பி வந்திருக்கிறது. 'ரோட்ரன்னர்ஸ்', 'வயா நெகட்டிவா', 'திஸ் இஸ் நாட் ஹேப்பனிங்' மூன்றும் பழைய காலத்துக்குக் குறைந்தவை அல்ல.

ஒன்பதாவதில் '4-டி', 'ஜான் டோ', டாகெட்டின் மகன் கதை முடியும் 'ரிலீஸ்', கில்லிகன் எழுதி இயக்கிய 'சன்ஷைன் டேஸ்' போதும். 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' எபிசோடில் பின்னாளில் 'ப்ரேக்கிங் பேட்'டில் நடித்த ஆரன் பால் இளைஞனாக வந்துபோவார், ஆசைப்பட்டால் பார்க்கலாம். முடிவு எபிசோட் பெரும்பாலும் நீதிமன்றத்தில் பழைய கதையைத் திரும்பச் சொல்வது. அதற்குப் பதில் உங்கள் நோட்டைப் புரட்டுங்கள்.

2016, 2018 வரிசைகளில் 'மை ஸ்ட்ரகிள்' என்ற பெயரில் வரும் நான்கையும் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன காரணம் தவிர இன்னொன்றும் இருக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசியோடு சேர்த்து மனிதர்களுக்குள் எதையோ செலுத்திவிட்டார்கள் என்பது 2016 வரிசையின் முடிவுக் கதை. 1993இல் அரசாங்கத்தைச் சந்தேகிப்பது இந்தத் தொடரின் துணிச்சலாக இருந்தது. தடுப்பூசி வேண்டாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப்போகிற பெற்றோரை நேரில் பார்க்கும் வேலையில் இருப்பவளுக்கு, அந்தக் கதையைப் பொழுதுபோக்காகப் பார்க்க முடியவில்லை. பழைய ஸ்கல்லியாக இருந்தால் ஆதாரம் கேட்டிருப்பாள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: பத்தாவதில் டேரின் மார்கனின் 'மல்டர் அண்ட் ஸ்கல்லி மீட் த வேர்-மான்ஸ்டர்', பதினொன்றாவதில் அவருடைய 'த லாஸ்ட் ஆர்ட் ஆஃப் ஃபோர்ஹெட் ஸ்வெட்', ஜேம்ஸ் வாங்கின் 'கூலி', பேச்சே இல்லாமல் இருவரும் இயந்திரங்களிடம் மாட்டிக்கொள்ளும் ஏழாவது எபிசோட். எழுதியவர்களின் பெயரைப் பாருங்கள், பெரும்பாலும் தொடரின் ஆரம்ப ஆண்டுகளில் எழுதியவர்கள்தான். இரண்டு வரிசையும் வான்கூவருக்கே திரும்பிப் போய் எடுக்கப்பட்டவை, அதுவும் கண்ணுக்குத் தெரியும்.

புதிதாகப் பார்ப்பவரோடு பார்த்தால்

நான் அக்கா மகளோடு பார்த்தேன். முதல் எபிசோடில் மூலையில் நின்று புகைத்துக்கொண்டே இருக்கும் சிகரெட் மனிதன் வில்லியம் பி. டேவிஸைப் பார்த்து, "சித்தி, இந்த ஆள் பேசவே மாட்டாரா?" என்றாள். பேசுவார் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். புதியவரிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முக்கியமாக, "இதோடு சரி, இனிமேல் நன்றாக இருக்காது" என்று சொல்லாதீர்கள். சொன்ன பிறகு அவர்கள் நல்ல எபிசோடிலும் குறை தேடுவார்கள். ஆறாவது சீசனின் வேடிக்கைக் கதைகள் எங்கள் தலைமுறைக்குச் சறுக்கலாகத் தெரிந்தன. அவளுக்கு 'ட்ரையாங்கிள்', 'மண்டே', 'ஆர்கேடியா' மூன்றும்தான் மிகப் பிடித்தவை. டுகோவ்னி எழுதி இயக்கிய 'தி அன்நேச்சுரல்' பார்த்துவிட்டு, பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தோழியும் அதே எபிசோடை அன்றைக்கு வேறு ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறாவது சீசன் என்றாலே ஆகாது, அப்படியும் இதை ஒத்துக்கொண்டாள்.

நேரமே இல்லை என்பவர்களுக்குப் பத்து: முதல் எபிசோட், 'ஐஸ்', 'பியாண்ட் த ஸீ', 'ஒன் ப்ரெத்', 'க்ளைட் ப்ரக்மன்', 'ஹோசே சங்', 'மெமன்ட்டோ மோரி', 'பேட் ப்ளட்', 'ட்ரைவ்', 'ஜ சூஹேத்'. இந்த வரிசையிலேயே பாருங்கள். 'ஹோசே சங்'கை மட்டும் மறுநாள் இன்னொரு முறை போடுங்கள். யார் கண்டது, யார் சொன்னது என்பது இரண்டாம் முறைதான் பிடிபடும்.